முதலில் 12 விநாடி ட்ரம்பெட்: சின்ன வகுப்புகளில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

முதல்முறை இந்தப் பாடத்தை எடுத்தபோது, கரும்பலகையில் "லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், 1901–1971, நியூ ஆர்லியன்ஸ்" என்று எழுதிவிட்டு ஆரம்பித்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். ஆவலோடு அவனைப் பார்த்தேன்.

"மிஸ், நிலாவுல கால் வச்சது இவர்தானே?"

"இல்லைப்பா, அவர் நீல் ஆம்ஸ்ட்ராங். இவர் வேற."

"அப்ப இவர் என்ன பண்ணாரு?"

"ட்ரம்பெட் வாசிச்சாரு."

"எப்படி வாசிப்பாரு?"

அன்று நான் ஸ்பீக்கரே கொண்டுபோகவில்லை. "ரொம்ப நல்லா வாசிப்பாரு" என்று சொல்லிச் சமாளித்தேன். பையன் உட்கார்ந்துவிட்டான். வகுப்பு அதோடு முடிந்துபோயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். மீதி அரைமணி நேரம் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் இந்தப் பாடத்தைப் பலமுறை மாற்றி மாற்றி எடுத்திருக்கிறேன். இப்போது ஒரே ஒரு விதியை மட்டும் மீறுவதில்லை: பிள்ளைகள் காதால் கேட்காத எதைப் பற்றியும் நான் பேசுவதில்லை. முதலில் சத்தம், பிறகு கேள்வி, கடைசியில்தான் கதையும் தேதியும். கீழே இருப்பது 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கான திட்டம். 40 நிமிட வகுப்புகள் ஐந்து. நடத்துபவருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் பெரிதாகத் தெரியாது.

## ஏன் இவர்?

ஜாஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை; ஆம்ஸ்ட்ராங் வாசித்தது அதைத்தான்) என்றால் டியூக் எலிங்டன் இருக்கிறார், மைல்ஸ் டேவிஸ் இருக்கிறார், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் இருக்கிறார். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆம்ஸ்ட்ராங்கே வசதி. ஒரே ஆள் வாசிக்கவும் செய்கிறார், பாடவும் செய்கிறார். அந்தக் கரகரத்த குரலை ஒருமுறை கேட்ட பிள்ளை அடுத்த முறை இரண்டே விநாடியில் கண்டுபிடித்துவிடும். தன் வாழ்க்கையை அவரே தட்டச்சு செய்தும் ஒலிநாடாவில் பேசியும் ஏராளமாக விட்டுச் சென்றிருப்பதால், நாம் எதையும் ஜோடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

பெயரை எப்படிச் சொல்வது என்று ஒரு குழப்பம் வரும். லூயி என்றும் சொல்வார்கள், லூயிஸ் என்றும் சொல்வார்கள். 1964-ல் அவர் பாடி வெளிவந்த 'ஹலோ, டாலி!' பாட்டில் தன் பெயரை "லூயிஸ்" என்று அவரே உச்சரிக்கிறார். எனக்கு அது போதும்.

## முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

நல்ல ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம். செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் ட்ரம்பெட் கொசு கத்துவதுபோலக் கேட்கும். மொத்த முயற்சியும் வீண். அப்புறம் உலக வரைபடம், வெள்ளைத் தாள்கள், பழைய பத்திரிகைகள், பசை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் கொஞ்சம், பிளாஸ்டிக் புனல் இரண்டு.

ஒலிப்பதிவுகள் ஐந்து:

- 'சைம்ஸ் ப்ளூஸ்', 1923. அவருடைய குரு கிங் ஆலிவரின் குழுவோடு வாசித்தது. ஆம்ஸ்ட்ராங் தனியாக வாசிக்கும் முதல் ஒலிப்பதிவு இது.
- 'ஹீபி ஜீபீஸ்', 1926
- 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 1928
- 'ஹலோ, டாலி!', 1964
- 'வாட் எ ஒண்டர்ஃபுல் வேர்ல்ட்', 1967

வகுப்புக்கு முன்னால் ஐந்தையும் முழுதாகக் கேட்டுவிடுங்கள். இணையத்தில் தேடி நேரடியாக வகுப்பில் ஓட்டுவது ஆபத்து. அவர் வீட்டில் பதிவு செய்துகொண்ட பேச்சு நாடாக்களின் துண்டுகளும் கிடைக்கின்றன. அதில் பெரியவர்களுக்கான நகைச்சுவையும் வரும். ஒருமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன், போதும்.

## முதல் வகுப்பு: பெயர் சொல்லாமல் ஆரம்பியுங்கள்

படம் வேண்டாம், பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பதிவின் முதல் 12 விநாடியை மட்டும் ஓட்டிச் சட்டென்று நிறுத்துங்கள்.

அந்தத் தொடக்கத்தில் வேறு வாத்தியமே கிடையாது. ட்ரம்பெட் மட்டும். முதலில் சில சுரங்கள் ஒவ்வொன்றாக அழுத்தமாக வரும். அப்புறம் விறுவிறுவென்று மேலே ஏறும். உச்சியைத் தொட்டதும் படிக்கட்டில் பந்து உருள்வதுபோலத் துள்ளித் துள்ளிக் கீழே வரும். இதை நீங்கள் சொல்லாதீர்கள். "எத்தனை பேர் வாசிக்கிறாங்க? மேலே போகுதா, கீழே வருதா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை ஓட்டும்போது விரலால் காற்றில் வரையச் சொல்லுங்கள். மூன்றாம் முறை தாளில், பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக. அந்தத் தாள்களைப் பெயர் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வேலை இருக்கிறது.

இப்போது பதிவை முழுதாக ஓட்டலாம். மூன்றேகால் நிமிடம்தான். தனி ட்ரம்பெட் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து மெதுவான ப்ளூஸ் ஒன்றைத் தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொருவராக முன்னால் வருவார்கள்: ட்ரோம்போன், அப்புறம் கிளாரினெட்டும் ஒரு மனிதக் குரலும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல ஒரு பகுதி, பியானோ, கடைசியில் திரும்பவும் ட்ரம்பெட். பிள்ளைகளை நான்கு அணிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு வாத்தியத்தின் படத்தைக் கொடுங்கள். தங்கள் வாத்தியம் முன்னால் வரும்போது அட்டையைத் தூக்க வேண்டும். தப்பாகத் தூக்கினால் சிரித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். ட்ரோம்போனுக்குப் பின்னால் குதிரைக் குளம்புபோல "டொக் டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அதை முதலில் கவனிக்கிற பிள்ளைக்கு ஒரு கைதட்டல்.

பியானோ முடிந்து ட்ரம்பெட் திரும்ப வந்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஆம்ஸ்ட்ராங் உச்சியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு தாள வட்டம் விடவே மாட்டார். பத்து விநாடிக்கும் மேலே. எல்லோரையும் நிற்கவைத்து, அந்தச் சுரம் தொடங்கும் கணத்தில் "ஆ..." என்று பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சு முடிந்தவர் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் விடும்போது எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது பெயரைச் சொல்லலாம். 1928 ஜூன் 28, சிகாகோ நகரம், லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், அப்போது வயது 26. குழுவின் பெயர் 'ஹாட் ஃபைவ்'. யாராவது ஒரு பிள்ளை விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "மிஸ், ஆறு பேர் இருக்காங்களே" என்று சொல்லும். சரியான கணக்குதான். 1925-ல் ஐந்து பேரோடு தொடங்கிய பெயர் அது. ஆட்கள் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது.

## இரண்டாம் வகுப்பு: தகரக் குழலும் ரப்பர் குழாயும்

வரைபடத்தில் மிசிசிப்பி ஆற்றை மேலிருந்து விரலால் இறக்கிக்கொண்டே வாருங்கள். கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் துறைமுகம்தான் நியூ ஆர்லியன்ஸ். அங்கே மிகவும் ஏழையான ஒரு பகுதியில் லூயிஸ் பிறந்தான். அப்பா பிரிந்து போய்விட்டார். பாட்டி கொஞ்ச காலம் வளர்த்தார், பிறகு அம்மா மேயான், தங்கை பியாட்ரிஸ்.

லித்துவேனியாவிலிருந்து குடியேறிய கார்னாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் சிறுவன் லூயிஸ் வேலை பார்த்தான். பழைய சாமான் வாங்குவார்கள், கரி விற்பார்கள். வண்டி வருவது தெருவுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு தகரக் குழலை ஊதுவது அவன் வேலை. பழைய பேப்பர்காரர் தெருவில் வருவது நம் பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதால் இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. பிறகு அடகுக் கடை ஒன்றில் 5 டாலருக்கு ஒரு பழைய கார்னெட்டை (ட்ரம்பெட் மாதிரியான ஊதுகுழல்) பார்த்து ஆசைப்பட்டான். அந்தக் குடும்பம் முன்பணம் கொடுத்து உதவியது. 1969-ல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஆம்ஸ்ட்ராங் இதையெல்லாம் நீளமாக எழுதினார். அந்த வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைக்கூட அவர் மறக்கவில்லை.

இங்கே கதையை நிறுத்திவிட்டு ரப்பர் குழாயை எடுங்கள். ஒரு மீட்டர் நீளத்தில் ஒன்று, ஒன்றரை மீட்டரில் ஒன்று. ஒரு முனையில் புனலைச் செருகி நாடா ஒட்டுங்கள். மறு முனையை உதட்டில் அழுத்திவைத்து, வெறுமனே ஊதாமல், உதடு படபடக்கும்படி "ப்ப்ர்ர்" என்று ஊத வேண்டும். முதல் ஐந்து முயற்சியில் காற்றுதான் வரும். ஆறாவதில் எருமை கத்துவதுபோல ஒரு சத்தம் வரும், வகுப்பு கலகலத்துவிடும். அதுதான் கார்னெட்டும் ட்ரம்பெட்டும் வேலை செய்யும் விதம். உதடுதான் அதிர்கிறது, குழாய் அந்த அதிர்வைப் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. நீளமான குழாயில் சத்தம் தாழ்ந்து வருவதைக் கேட்கவையுங்கள். ட்ரம்பெட்டைச் சுருள் பிரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இருக்கும். அதன் மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு துண்டுக் குழாயைச் சுற்றி வரும், சுரம் இறங்கும். கார்னெட் அதன் குட்டைத் தம்பி மாதிரி. சத்தம் கொஞ்சம் உருண்டையாக இருக்கும்.

ஊதுகிற முனையை ஒருவர் மாற்றி ஒருவர் வாயில் வைக்க விடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் விரல் நீளத்தில் ஒரு குழாய்த் துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு, பெரிய குழாயில் அதை மாட்டி ஊதச் சொல்லலாம்.

அப்புறம் துப்பாக்கிக் கதை. இதை எப்படிச் சொல்வது என்று எல்லா ஆசிரியரும் தயங்குவார்கள். நடந்தது இதுதான்: 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில், வீட்டிலிருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் லூயிஸ் வானத்தை நோக்கிச் சுட்டான். வெற்றுத் தோட்டாதான். போலீஸ் பிடித்தது. கறுப்பினச் சிறுவர்களுக்கான ஒரு சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார்கள்; எப்போது விடுவார்கள் என்று தேதியே சொல்லவில்லை. ஒன்றரை வருடம் அங்கே இருந்தான். பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அங்கிருந்த பேண்ட் வாத்தியக் குழுவில் அவனைச் சேர்த்துக்கொண்டார். தம்பூரின், டிரம், பியூகிள் என்று மாறி மாறி, கடைசியில் கார்னெட் கைக்கு வந்தது.

மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் "ஜெயிலுக்குப் போனதால்தான் பெரிய ஆள் ஆனார்" என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். பல குழந்தைப் புத்தகங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. அதற்கு முன்பே அவன் தகரக் குழல் ஊதியிருக்கிறான், தெருமுனையில் நண்பர்களோடு சேர்ந்து பாடிக் காசு வாங்கியிருக்கிறான். இசை எப்போதோ உள்ளே வந்துவிட்டது. என் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "வெள்ளைக்காரப் பையன் சுட்டிருந்தா ஒன்றரை வருஷம் வச்சிருப்பாங்களா?" அந்தக் கேள்வியைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவைத்தேன். ஐந்தாம் வகுப்பில் அதற்குத் திரும்பி வருவோம்.

### ஒரு பிறந்தநாள் புதிர்

பத்து நிமிடம் மிச்சமிருந்தால் இதைச் செய்யுங்கள். ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே கடைசி வரை சொல்லிவந்தார். அது அமெரிக்காவின் சுதந்திர தினம். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1980-களில், நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தது. அதில் 1901 ஆகஸ்ட் 4 என்று இருந்தது. எதை நம்புவீர்கள், அவர் சொன்னதையா பதிவேட்டையா? ஏன்?

வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியின் பிறந்தநாளைக் கேட்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் சொல்லும் நாள் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றிதழில் தலைமையாசிரியர் போட்ட தேதி ஒன்று என்று இரண்டு பதிலாவது வரும். எங்கள் வகுப்பில் மூன்று தாத்தாக்கள் ஜூன் 1-ல் பிறந்திருந்தார்கள்.

## மூன்றாம் வகுப்பு: சிகாகோவுக்கு ஒரு ரயில்

இதை வேகமாக முடித்துவிடலாம். ஜோ ஆலிவர் நியூ ஆர்லியன்ஸின் பெரிய கார்னெட் வித்வான். எல்லோரும் 'கிங்' என்று அழைப்பார்கள். லூயிஸுக்கு அவர்தான் குரு. 1922-ல் சிகாகோவிலிருந்து தந்தி அடித்துக் கூப்பிட்டார். அம்மா கட்டிக்கொடுத்த மீன் சாண்ட்விச்சோடு லூயிஸ் ரயில் ஏறினார். சுமார் 1,500 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி, பயமில்லாமல் வாழ இடம் தேடி, வடக்கு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர்.

குழுவில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். முறையாகச் சங்கீதம் படித்தவர், தானே இசையமைப்பவர். 1924-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். குருவுக்குப் பின்னால் இரண்டாவது கார்னெட்டாகவே இருந்தால் போதாது, தனியாக வெளியே வா என்று தள்ளியவர் அவர்தான். பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் லில்லின் பெயரை அழுத்திச் சொல்லுங்கள். பையன்கள் வகுப்பிலும்தான்.

இனி விளையாட்டு. 1923-ல் மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் எல்லோரும் நெருக்கமாக நின்று வாசிப்பார்கள். அந்த அதிர்வில் ஓர் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். ஆம்ஸ்ட்ராங்கின் சத்தம் மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரை மட்டும் தூரத்தில் நிற்க வைத்தார்கள் என்று லில் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

செல்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவைத் தொடங்குங்கள். நான்கு பிள்ளைகள் ஒரு பாட்டைப் பாட வேண்டும். அவர்களில் ஒருவர் வகுப்பிலேயே பெரிய குரல்காரராக இருக்கட்டும். முதல்முறை எல்லோரும் பக்கத்தில். போட்டுக் கேட்டால் ஒருவர் குரல்தான் கேட்கும். குரல்காரரைக் கதவோரம் தள்ளி நிறுத்தித் திரும்பப் பதிவு செய்யுங்கள், அதையும் கேளுங்கள். எத்தனை அடியில் சரியாக வருகிறது என்று அவர்களே ஸ்கேல் வைத்து அளக்கட்டும். பிறகு 'சைம்ஸ் ப்ளூஸ்' ஓட்டினால், அந்தச் சொரசொரப்பான பழைய சத்தத்துக்குள் எட்ட நிற்கும் ஒரு கார்னெட்டைத் தேடிக் காது கொடுப்பார்கள்.

## நான்காம் வகுப்பு: தகிட, ததரின, ஸ்கேட்

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது. முடிந்தால் இரண்டு பீரியட் சேர்த்து வாங்குங்கள்.

ஒரே வாக்கியம், பத்து விதம். "நாளைக்கு லீவு" என்ற இரண்டே சொல். ஒவ்வொரு பிள்ளையும் முன்னவர் சொன்னதுபோல இல்லாமல் சொல்ல வேண்டும். சந்தேகமாக, கத்தி, இழுத்து, ரகசியமாக, பாதியில் நிறுத்தி. சொல் மாறக்கூடாது. பத்துப் பேர் முடித்ததும் கேளுங்கள்: "சொல் அதேதானே, ஏன் ஒவ்வொன்றும் வேற மாதிரி இருந்துச்சு?" ஜாஸ் கலைஞர் ஒரு மெட்டை வைத்துக்கொண்டு செய்வதும் இதுதான். கச்சேரி கேட்கும் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், பாடகர் அதே வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகப் பாடுவதைச் சொல்வார்கள். மனோதர்மம் என்ற சொல்லை அப்போது கொடுங்கள்.

ஸ்விங் என்றால் என்ன? ஆங்கிலப் புத்தகங்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாகத் திணறும். நமக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. சீராகத் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு தட்டுக்கு ஒரு "தக" வீதம் "தக தக தக தக" சொல்லவையுங்கள். இரண்டு பாதியும் சமம். சரி. இப்போது தாளத்தின் வேகத்தை மாற்றாமல், ஒரு தட்டுக்கு ஒரு "தகிட". நன்றாகப் பழகியதும் நடுவிலுள்ள "கி"யை மனதுக்குள் மட்டும் சொல்ல வேண்டும்: "த‍‍–ட, த–ட, த–ட, த–ட". நீளம், குட்டை, நீளம், குட்டை. நொண்டி விளையாட்டுப்போல ஒரு துள்ளல் வரும். அந்தத் துள்ளல்தான் ஸ்விங். (உண்மையான வாசிப்பில் அந்த அளவு வேகத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஒன்பது வயதுக்கு இது போதும்.)

"த–ட" ஓடிக்கொண்டிருக்கும்போது, நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் மட்டும் கைதட்டச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் கை தானாக ஒன்றுக்கும் மூன்றுக்கும் போகும், திருத்துங்கள். பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டை இந்த நடையில் வைத்து, ஒவ்வொரு வரியையும் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக எடுத்துப் பாடினால், ஆம்ஸ்ட்ராங் பாடும் விதத்தின் வாசனை வந்துவிடும். 'ஹலோ, டாலி!' ஓட்டி, அவர் எந்த இடத்தில் வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1964 மே மாதத்தில், அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடத்தில் அசையாமல் இருந்த பீட்டில்ஸை இறக்கிவிட்டு, 62 வயதுக்காரர் ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்த பாட்டு இது.

ஸ்கேட் என்றால் சொல் இல்லாமல் வெறும் ஒலிகளை வைத்துப் பாடுவது. 'ஹீபி ஜீபீஸ்' பதிவு 1926 பிப்ரவரி 26. பாட்டின் நடுவே சொற்கள் போய்விடும், வெறும் ஒலிகள் வரும். பாடும்போது வரிகள் எழுதிய தாள் கீழே விழுந்துவிட்டது, அதனால் வாய்க்கு வந்ததைப் பாடினேன் என்று ஆம்ஸ்ட்ராங் சொல்வார். அழகான கதைதான், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த மாதிரிப் பாடியவர்கள் அவருக்கு முன்பே உண்டு. இந்தப் பதிவுக்குப் பிறகு எல்லோரும் அப்படிப் பாட ஆசைப்பட்டார்கள் என்பதே இதன் பெருமை. பிறந்தநாள் புதிரை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை, "இதுக்குப் பதிவேடு இருக்கா மிஸ்?" என்று கேட்கும்.

ஸ்கேட் என்றதும் பலர், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலோடு ஒப்பிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நடத்தினேன். யோசித்துப் பார்த்தால் அது முழுக்கப் பொருந்தவில்லை. கொன்னக்கோலில் "தகதிமி" என்றால் அதற்குப் பின்னால் மிருதங்கச் சொற்கட்டின் கணக்கு இருக்கிறது, ராகம் இல்லை. ஸ்கேட்டில் ராகம்தான் முக்கியம், ஒலியைப் பாடுகிறவர் இஷ்டப்படி தேர்ந்தெடுக்கலாம். அதனால் ஆலாபனையில் வரும் "ததரின, தானா" இதற்கு நெருக்கமான சொந்தம். இரண்டையும் செய்துகாட்டி, எது அதிகம் ஒத்துப்போகிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். நான் சொல்வதை மறுத்து நல்ல காரணம் சொன்ன பிள்ளைகளும் உண்டு.

பிறகு பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, நீங்கள் நான்கு எண்ணிக்கைக்கு ஓர் ஒலித்தொடர் பாடுங்கள், அவர்கள் திருப்பிப் பாடட்டும். இரண்டு சுற்று போனதும், திருப்பிப் பாடாமல் பதில் பாட வேண்டும் என்று மாற்றுங்கள். 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பதிவில் கிளாரினெட்டும் குரலும் செய்தது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்படும் பிள்ளைக்கு ஒரே ஓர் ஒலி போதும் என்று சொல்லிவிடுங்கள். கட்டாயப்படுத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த வகுப்பிலும் வாய் திறக்காது.

## ஐந்தாம் வகுப்பு: சிரிக்கும் மனிதர் கோபப்பட்டபோது

ஆம்ஸ்ட்ராங்கின் படங்களை இன்றைக்குத்தான் காட்டுங்கள். வாய் நிறையச் சிரிப்பு, கையில் வெள்ளைக் கைக்குட்டை. அந்தப் பெரிய வாயை வைத்துத்தான் 'சாட்ச்மோ' என்ற செல்லப்பெயரே வந்தது. "இவருக்குக் கோபம் வருமா?" என்று கேளுங்கள். "வராது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

இப்போது கரும்பலகை ஓரத்துக் கேள்விக்கு வாருங்கள். ரயில் பெட்டியில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்காரவைப்பது சட்டப்படி சரியே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-ல் தீர்ப்பு சொன்னது. ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் அந்த வழக்குக்காக ரயில் ஏறிய ஊர் எது தெரியுமா? நியூ ஆர்லியன்ஸ். தீர்ப்பு வந்து ஐந்து வருடம் கழித்து அதே ஊரில் லூயிஸ் பிறந்தான். அவன் அடைக்கப்பட்ட இல்லத்தின் பெயரிலேயே 'கறுப்பர்' என்று இருந்தது. இதற்கு மேல் நீங்கள் விரிவுரை செய்ய வேண்டாம். தொட்டால் தீட்டு, தனிக் குவளை என்று வீட்டில் கேட்டதைச் சில பிள்ளைகள் சொல்லக்கூடும். சொன்னால் வகுப்பு கேட்கட்டும். அவசரமாகப் பேச்சை மாற்றாதீர்கள். அதே சமயம், எந்தப் பிள்ளையையும் பார்த்து "உங்க வீட்டுல எப்படி?" என்று நீங்களாகக் கேட்கவும் கேட்காதீர்கள்.

1957 செப்டம்பர். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரம். ஒன்பது கறுப்பின மாணவர்கள் அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் போக வந்தார்கள். நீதிமன்றம் அனுமதித்திருந்தது. மாநில ஆளுநர் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். அப்போது ஆம்ஸ்ட்ராங் வடக்கு டகோட்டாவில் ஒரு கச்சேரிக்காகத் தங்கியிருந்தார். அமெரிக்க அரசின் தூதராக சோவியத் நாட்டுக்குப் போய் வாசிக்கும் திட்டமும் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையின் இளம் நிருபர் ஒருவர் பேட்டி கேட்டார். ஆம்ஸ்ட்ராங் கொதித்துவிட்டார். தெற்கில் என் மக்களை இப்படி நடத்தும் அரசாங்கத்துக்காக நான் போகமாட்டேன் என்றார். ஜனாதிபதி ஐசனோவருக்குத் துணிச்சல் இல்லை என்றார். ஆளுநரைத் திட்டிய சொல்லை அச்சில் போட முடியாது என்பதால், நிருபரும் அவரும் சேர்ந்து ஒரு மென்மையான வசவைத் தேடிப் போட்டார்கள். அவர் உண்மையாகவே இப்படிப் பேசினாரா என்று பத்திரிகை அலுவலகத்தில் நம்பவில்லை. நிருபர் எழுதியதை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். ஆம்ஸ்ட்ராங் படித்துப் பார்த்து, அப்படியே போடு என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

சில நாள் கழித்து, செப்டம்பர் 24 அன்று, ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். மறுநாள் ஒன்பது பேரும் பள்ளிக்குள் போனார்கள். "ஆம்ஸ்ட்ராங் பேசியதால்தான் ராணுவம் வந்தது" என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். அந்த ஒன்பது பேரும் அவர்கள் குடும்பங்களும் வழக்கறிஞர்களும்தான் அந்தக் கதையின் நாயகர்கள். உலகமே விரும்பும் ஒருவர், சும்மா இருந்திருந்தால் எந்த நஷ்டமும் இல்லாத ஒருவர், சும்மா இருக்கவில்லை. அவ்வளவு சொன்னால் போதும்.

கூடவே இன்னொன்று: 1956-ல் லூசியானா மாநிலம் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து மேடையேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அவர் குழுவில் இருவரும் இருந்தார்கள். பிறந்த ஊரில் வாசிப்பதில்லை என்று விட்டுவிட்டார். 1965-ல்தான் திரும்பப் போனார்.

இதற்குப் பிறகு 'வாட் எ ஒண்டர்ஃபுல் வேர்ல்ட்' ஓட்டுங்கள். பலர் இதில்தான் பாடத்தை ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பித்தால் இனிப்பான தாத்தா பாட்டு என்றுதான் கேட்கும். லிட்டில் ராக் கதைக்கு அப்புறம் கேட்கும்போது, அதே குரல் வேறு மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். 1967-ல் வெளியானபோது அமெரிக்காவில் இந்த இசைத்தட்டு கிட்டத்தட்ட விற்கவே இல்லை. பிரிட்டனில் அடுத்த வருடம் முதலிடம் பிடித்தது.

மீதி நேரம் கைவேலைக்கு. நியூயார்க்கின் கரோனா பகுதியில், 1943-ல் அவருடைய பின்னாள் மனைவி லூசில் வாங்கிய ஒரு சாதாரண வீட்டில்தான் ஆம்ஸ்ட்ராங் 1971 ஜூலை 6 அன்று இறக்கும்வரை வாழ்ந்தார். தெருப் பிள்ளைகள் அவரோடு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். இன்று அது அருங்காட்சியகம். நூற்றுக்கணக்கான ஒலிநாடாப் பெட்டிகள் அங்கிருந்து கிடைத்தன. பத்திரிகைகளிலிருந்தும் புகைப்படங்களிலிருந்தும் வெட்டிய துண்டுகளை அந்தப் பெட்டிகளின்மேல் அவரே ஒட்டி அலங்கரித்திருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு இனிப்புப் பெட்டியின் மூடியைக் கொண்டுவந்து, பழைய பத்திரிகையை வெட்டி, இந்த ஐந்து வகுப்பில் கேட்டவற்றை ஒட்டட்டும். மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் இதற்குப் போடுங்கள். எழுத்துத் தேர்வு வைத்தால் "பிறந்த ஆண்டு எது" என்ற கேள்விதான் வரும், அதற்கு இவர் விஷயத்தில் இரண்டு பதில் இருக்கிறதே.

கடைசி ஐந்து நிமிடத்துக்கு, முதல் நாள் வாங்கிவைத்த கோட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். அதே 12 விநாடியைத் திரும்ப ஓட்டுங்கள். அதே தாளில், வேறு நிறப் பென்சிலால் புதிதாக ஒரு கோடு. தாள் பெரியதாக இருக்கட்டும், கீழே பழைய செய்தித்தாளும் விரித்துவிடுங்கள். போன வருடம் ஒரு பையன் அந்த உச்சிச் சுரத்துக்குத் தாள் போதாமல் மேசைமேல் ஒரு சாண் தூரம் கோட்டை இழுத்துவிட்டான்.